நின்றுகொண்டிருக்கும் நகரம்

1980-ஆம் ஆண்டு ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளியே வந்தது. இருவர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. பெடல் இருந்தது, வண்டி கிளம்பும்வரை மிதித்தால் போதும். பால் கேனையும் புல்லுக்கட்டையும் சைக்கிளில் ஏற்றி மேட்டில் தள்ளிக்கொண்டு போன ஒரு தலைமுறை அதில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. சுமை தள்ளிய முதுகுகளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதே காலத்தில் அசோக் லேலண்டின் லாரிகளும் இங்கே உருவாகத் தொடங்கின. இப்போது ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்கள் ஓசூரிலிருந்தும், 2021 முதல் ஓலா ஸ்கூட்டர்கள் போச்சம்பள்ளியிலிருந்தும் வருகின்றன. நாட்டின் கால்களுக்கு ஓய்வு கொடுத்த வண்டிகளில் பல இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றிலேயே பூட்டப்பட்டவை. அவற்றைப் பூட்டியவர்களின் கால்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேய்ச்சலும் குளிர்ச்சியும் பார்த்து, 1824-ல் ஆங்கிலேயர் மத்திகிரியில் ராணுவக் குதிரைகளை வளர்க்கப் பண்ணை அமைத்தார்கள். 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த இடம் இன்று அரசுக் கால்நடைப் பண்ணை. சுற்றிலும் மானாவாரி நிலம்: ராகி, கொள்ளு, அவரை. காலையில் களி உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசியபடி காட்டுக்குப் போன ஊர்கள். 1971-ல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே இங்கே தொழில் வளாகம் அமைத்தது. எண்பதுகளில் டைட்டன் கைக்கடிகார ஆலை வந்தது. மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, சின்ன எலசகிரி, ஜுஜுவாடி என்று ராகி விளைந்த கிராமங்கள் வாடகை அறைகளின் வரிசைகளாயின. 2011 கணக்கெடுப்பில் 1,16,821 பேர் இருந்த நகராட்சி, சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 2019-ல் மாநகராட்சி ஆனது. கர்நாடக எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. ஒரே தொழில் பட்டை அது. நடுவில் மாநில எல்லைக் கோடு ஒன்று ஓடுகிறது.

கிராமத்தை விட்டு ஆலைக்கு வருபவரின் உடல் என்ன ஆகிறது? இதற்கு நேரடியான விடை தேடிய ஆய்வு ஒன்று இந்தப் பட்டையின் வாசலிலேயே நடந்திருக்கிறது. இந்திய இடப்பெயர்வு ஆய்வு என்று அதற்குப் பெயர். 2005 முதல் 2007 வரை லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களின் ஆலைகளில் அது நடந்தது. பெங்களூருவில் தேர்ந்தெடுத்தது எச்.எம்.டி. ஆலையை. கிராமத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் பரிசோதித்தார்கள். பிறகு ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய அண்ணனையோ தம்பியையோ, அக்காவையோ தங்கையையோ அழைத்து அதே பரிசோதனைகளைச் செய்தார்கள். இந்த உத்தியின் நேர்த்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீட்டில் உண்டு வளர்ந்தவர்கள். ஒருவர் பஸ் ஏறினார், மற்றவர் ஏறவில்லை. பரம்பரை, குழந்தைப் பருவம் என்ற காரணங்கள் பெருமளவு விலகிவிடுகின்றன. மிச்சமிருப்பது பெரும்பாலும் நகரம்தான்.

6,510 பேரிடம் எடுத்த முடிவுகள் 2010-ல் வெளியாயின. ஆண்களில் உடற்பருமன் கிராமத்தில் தங்கியவர்களுக்கு 19.0 சதவீதம், இடம்பெயர்ந்தவர்களுக்கு 37.8, நகரத்திலேயே பிறந்தவர்களுக்கு 41.9. நீரிழிவு நோய் கிராமத்தில் 6.2 சதவீதம், இடம்பெயர்ந்தவர்களிடம் 14.3, நகரத்தவரிடம் 13.5. ஊரை விட்டு வந்த தம்பி, சர்க்கரை நோயில் நகரத்துக்காரரை எட்டிவிட்டார். ஊரில் இருக்கும் அண்ணன் பாதிக்கும் கீழே நிற்கிறார். இத்தனைக்கும் தம்பிக்குத்தான் நிரந்தர வேலை, மருத்துவ வசதி, மாதச் சம்பளம் எல்லாம்.

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் 14,227 பேரிடம் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2014-ல் உடல் இயக்கம் பற்றிய கணக்கைக் கொடுத்தது. போதிய இயக்கம் இல்லாதவர்கள் நகரத்தில் 65 சதவீதம், கிராமத்தில் 50. ஓய்வு நேரத்தில் விரும்பி ஓடியாடுகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. நாடு முழுவதற்குமான கணக்கு 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. 2000-ல் இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 22 சதவீதத்தினருக்குப் போதிய இயக்கம் இல்லை. 2022-ல் அது 49 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெண்களில் 57, ஆண்களில் 42.

இதுவரை உள்ள கதை வழக்கமானது: நகரம் நம்மை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது, எழுந்து நடக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியின் கணினி முன்னால் இருப்பவருக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஓசூரின் உதிரிப்பாக ஆலையில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பொருந்துமா? அவர் உட்காருவதே இல்லையே. வார்ப்புகளைத் தூக்குகிறார், டிரேக்களைத் தள்ளுகிறார், லைன் ஓடும் வேகத்துக்குக் கை ஓடுகிறது. உடல் இயக்கக் கேள்வித்தாளை அவரிடம் நீட்டினால் "மிகுந்த இயக்கம் உள்ளவர்" என்ற கட்டத்தில் குறி விழும். அப்படியானால் அவர் ஆரோக்கியமாக இருக்க வேண்டும்.

உடல் இயக்கமும் இதயமும் பற்றிய நவீன ஆய்வே வேலை செய்யும் இடத்தில்தான் பிறந்தது. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். இரண்டு அடுக்குப் பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, படி ஏறி இறங்கும் நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் திடீர்ச் சாவு குறைவு. அந்த ஆய்வு உலகத்தை நம்பவைத்தது: அசைவு நல்லது, எங்கே அசைந்தாலும் நல்லது. 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்விலும் அந்த நம்பிக்கை இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் அதை நடத்தியது. மூன்றாண்டுகளில், ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். உணவு மாற்றமும் தினம் அரை மணி நடையும் சொல்லப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மகத்தான பலன் அது. ஆனால் ஏற்கெனவே உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களிடம், இருப்பதைத் தொடருங்கள் என்றே சொல்லப்பட்டது. உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றாகக் கொள்ளப்பட்ட காலம்.

அந்தச் சமன்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன். கோபன்ஹேகனைச் சேர்ந்த 1,04,046 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை அவருடைய குழு 2021-ல் வெளியிட்டது. ஓய்வு நேரத்தில் நிறைய இயங்கியவர்களின் இறப்பு, இயங்காதவர்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. வேலையில் மிகக் கடுமையாக உழைத்தவர்களின் இறப்போ, இலகுவான வேலையில் இருந்தவர்களைவிட 27 சதவீதம் அதிகம். புகை, வருமானம், கல்வி போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் நின்ற கணக்கு அது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு இன்னும் நேரடியானது: பெரும்பாலும் நின்று செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவர்களைவிட இதய நோய் ஏறத்தாழ இரு மடங்கு.

எதிர்வாதமும் உண்டு. நார்வேயில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2021-ல் வெளியான முடிவு, உடலுழைப்பு வேலை ஆண்களின் ஆயுளைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்தது என்றது. கடினமான வேலைக்குப் போகிறவர்கள் ஏழைகள். வறுமை செய்வதை வேலையின் கணக்கில் எழுதக்கூடாது என்பது அந்தத் தரப்பின் வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் என் தீர்ப்பு ஹோல்டர்மன் பக்கம் சாய்கிறது. நார்வே நாட்டுத் தொழிலாளிக்குக் குறைந்த வேலைநேரமும் வலுவான சங்கமும் நீண்ட விடுமுறையும் உண்டு. ஓசூர்த் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலை. உழைப்பின் கெடுதலைச் சரிசெய்யும் ஓய்வு அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.

உடலின் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். வேகமாக அரை மணி நடக்கும்போது இதயத் துடிப்பு ஏறுகிறது, முடிந்ததும் இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இதயம் வலுப்பெறுகிறது. எட்டு மணி நேர வேலையில் துடிப்பு பயிற்சி தரும் அளவுக்கு ஏறுவதும் இல்லை, ஓய்வு தரும் அளவுக்கு இறங்குவதும் இல்லை; ரத்த அழுத்தம் மணிக்கணக்கில் சற்றே உயர்ந்து நிற்கிறது. பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் எகிறுகிறது. ஒரே இடத்தில் நிற்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதில்லை. ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு அந்தத் தசை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது, நாளம் புடைக்கிறது, முட்டி தேய்கிறது. வரப்பில் நடந்த அண்ணனும் நாள் முழுக்க உழைத்தார். ஆனால் குனிந்தார், நிமிர்ந்தார், நடந்தார், வெயில் ஏறியதும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். வேகம் அவர் கையில் இருந்தது. தம்பியின் வேகம் கன்வேயரின் கையில் இருக்கிறது.

இதோடு ஷிப்ட். பல ஆலைகளில் காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் ஆறு. வாரத்துக்கு வாரம் மாறும். இரவு ஒரு மணிக்குக் கேன்டீனில் சாப்பிடும் சோறு, அதே அளவு பகலில் சாப்பிடுவதைவிட ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றும், ஏனென்றால் அந்த நேரத்தில் உடலின் உள்கடிகாரம் இன்சுலின் வேலையைத் தணித்து வைத்திருக்கிறது. சூரிய வெளிச்சத்தில் தகர, சிமென்ட் கூரைக்குக் கீழே உறங்கும் அரைகுறைத் தூக்கம் பசியைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுநேர ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் "காலையில் எழுந்து வாக்கிங் போங்கள்" என்பதை அறிவுரை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று, வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அன்று நடந்த விவாதம் பெரும்பாலும் உரிமை, கூலி, முதலீடு பற்றியது. நாளில் நான்கு மணி நேரம் கூடினால் இதயத்துக்கும் கணையத்துக்கும் என்ன ஆகும் என்ற கேள்வியும் அதே அளவுக்கு எழுந்திருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தின் மின்னணு, மின்வாகன ஆலைகள் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுக்கின்றன. கையில் சம்பளம் வருவது பெரிய மாற்றம்; அதை யாரும் குறைத்து எண்ணக் கூடாது. ஆனால் வாழ்க்கை பல இடங்களில் விடுதி, கம்பெனி பஸ், லைன், மறுபடி பஸ், விடுதி என்று அடைபட்டுவிடுகிறது. பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. விடுதிக் கதவு குறித்த நேரத்தில் மூடப்படுகிறது. பாதுகாப்புக்காக என்பது உண்மைதான். இருபது வயதில் ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு ஒரு மைல் நடக்க இடமில்லாத பாதுகாப்பு அது. வாடகை அறையில் இருக்கும் மணமான பெண்ணுக்கோ ஷிப்ட் முடிந்ததும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும். போதிய இயக்கம் இல்லாத பெண்கள் 57 சதவீதம் என்ற அந்த எண்ணை நாம் சோம்பல் என்று வாசித்துவிடக் கூடாது.

இனி தெரு. தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூரின் நடுவே போகிறது. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஷிப்ட் மாறும் நேரத்தில் சிப்காட் சாலைகளில் கண்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் பைக்கும் நெருக்குகின்றன. நடந்து போகிறவர் சாக்கடை மூடியின்மேலோ மண் ஓரத்திலோ போகிறார். அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறுபவரை நான் குறை சொல்ல மாட்டேன்; உயிர்மேல் ஆசை உள்ளவர் அதைத்தான் செய்வார். நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அதை ஓசூருக்கு நீட்டும் பேச்சும் எழுந்தது. ரயில் வந்தால் நடை கூடும், ஏனென்றால் நிலையத்துக்குப் போக நடக்க வேண்டும். நடக்க வழி இருந்தால்.

இடம் கிடைத்தால் மக்கள் நடப்பார்களா என்ற ஐயத்துக்குச் சென்னை விடை சொல்லியிருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகனின் குழு, நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் ஏஷியாட் காலனியில் நீரிழிவு பற்றிய விழிப்புணர்வைக் கொண்டு சென்றது. கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் நடப்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். அந்த ஆய்வின் இன்னொரு பாதி குறைந்த வருமானக்காரர்களின் பாரதி நகர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, நடுத்தரக் காலனியில் நீரிழிவு 12.4-இலிருந்து 15.4 சதவீதமாக ஏறியிருந்தது. பாரதி நகரில் 6.5-இலிருந்து 15.3-க்குத் தாவியிருந்தது. பூங்கா ஒன்றே இந்த வேறுபாட்டைச் செய்தது என்று நான் வாதிட மாட்டேன். பணமும் நேரமும் இடமும் உள்ளவர்கள் நோயைத் தள்ளி நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள், இல்லாதவர்களை அது துரத்திப் பிடித்தது என்பது மட்டும் தெளிவு. மூக்கண்டப்பள்ளியின் வாடகை அறைக்காரர் பாரதி நகரின் வரிசையில் நிற்பவர்.

வீடு தேடிப் போய் சுகரும் பி.பி.யும் பார்த்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிறகு 2024-ல் வேலை செய்யும் இடங்களுக்கும் பரிசோதனை நீட்டிக்கப்பட்டது. நல்ல வேலை; பகலில் வீட்டில் இல்லாதவர்களை எட்ட வேறு வழி கிடையாது. 2023 நவம்பரில், எல்லா மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதை வகுத்து "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டமும் தொடங்கியது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் ஓட்டை. ஆலையில் நோயைக் கண்டுபிடிக்கிறோம், நடக்கச் சொல்கிறோம். நடைப்பாதை ஞாயிறு காலையில் ஓய்வாக இருப்பவருக்காக ஒரு மூலையில் இருக்கிறது. நோய் கண்டவர் ஓ.டி. பார்க்கிறார்.

செய்ய வேண்டியவை பெரிய மர்மம் அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று தன் 44-ஆம் பிரிவில் சொல்லியது. 2021-ல் தமிழ்நாடு கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. ஓசூர் ஆலைகளின் லைனில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்காரவும், வேலையை மாற்றி மாற்றித் தரவும் எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை. மருத்துவ முகாமின் படிவத்தில், எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்ற மூன்று கேள்விகள் சேர்ந்தால் மருத்துவர் எழுதும் சீட்டு மாறும். சிப்காட் வாசல்களிலிருந்து தொழிலாளர் குடியிருப்புகள் வரை விளக்கும் நிழலும் உள்ள நடைபாதை, ராமநாயக்கன் ஏரிக்கரை போன்ற இடங்கள் இரவு ஷிப்ட் முடித்தவருக்கும் பெண்களுக்கும் திறந்திருப்பது, விடுதி வளாகத்துக்குள் ஓடியாட ஒரு மைதானம்: இவற்றை நிலம் ஒதுக்கும்போதே நிபந்தனையாக எழுத வேண்டும். ஆலை எழுந்த பிறகு கேட்டால் இடம் இருக்காது.

மாநகராட்சி உறுப்பினர்களுக்கும், சிப்காட் அதிகாரிகளுக்கும், ஆலை மேலாளர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, முதல் ஷிப்ட் விடும்போது, காரை விட்டு இறங்கி அந்தத் தொழிலாளர்களோடு அவர்கள் அறை வரை நடந்து போய்ப் பாருங்கள்.